மாதம் இருபத்தைந்தாயிரம்

மேடையில் நான்காவது நாற்காலி மைனாவதிக்கு. உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்து நிமிர்ந்தபோதுதான் எதிர்ச்சுவரில் தன்னையே பார்த்தாள். கூட்டத்தின் தலைக்கு மேலே, வாசல் நிலையை ஒட்டிக் கட்டியிருந்த பிளெக்ஸில் பத்தடி உயரத்துக்கு அவள். வெள்ளைக் கோட்டு அவளுடையதல்ல. பின்னால் தெரிந்த ஆஸ்பத்திரி எந்த ஊரோ. முகம் மட்டும் அவளுடையது, சேர்ந்த வருஷம் அடையாள அட்டைக்கு எடுத்தது, கன்னத்துப் பருக்களைத் துடைத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப். ஸ்டெதாஸ்கோப்! ரத்தம் எடுக்கிறவளுக்கு, மூத்திரத்தையும் சளியையும் ஸ்லைடில் தடவிப் பார்க்கிறவளுக்கு அது எதுக்கு? யார் நெஞ்சில் வைத்து என்னத்தைக் கேட்க? படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், பெயரைவிடப் பெரிதாக, மாதம் ரூ. 25,000. தகரக் கூரை சூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பவானி ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் பிளெக்ஸ் காற்றில் உப்பி அடங்கியது, அவள் முகமும் உப்பி அடங்கியது. காலை பதினொரு மணி, ஞாயிற்றுக்கிழமை, லேப் டெக்னீசியன் படிப்புக்கு அட்மிஷன் நாள், முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, முக்கால்வாசி நிரம்பிவிட்டது. பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு மேடையில் இருந்தவளைப் பார்த்தார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பதுபோல. ஒத்துப்போகவில்லை என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா? இந்தச் சுடிதார் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு எடுத்தது. இருபத்தைந்தாயிரம் வாங்குகிறவள் கால் கட்டைவிரல் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பையா போட்டு வருவாள்? காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தெரியட்டுமே, ஊக்கு தெரியட்டுமே.

தாளாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் பிடித்தால் அரை மணி நேரம். முன்வரிசையில் மேனேஜர் நல்லதம்பி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் பழுப்புக் கவர். அந்தக் கவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் மேடை ஏறினாள், கண் வேறெங்கும் போக மறுத்தது. அதற்குள் இரண்டு வருஷ மார்க்ஷீட்டும் டிப்ளமா சர்டிபிகேட்டும் இருந்தன. அவளுடைய மார்க், அவள் பெயர், அவள் விடிய விடியப் படித்து எழுதிய பரீட்சை. மூன்று வருஷமாக அது அந்த ஆபீஸ் பீரோவுக்குள் கிடந்தது, பதினெட்டாயிரம் பாக்கி என்று. என்ன பாக்கி என்று கேட்டாள், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், ஒவ்வொரு தடவையும் வேறொரு கணக்கு சொன்னார்கள். உடைசல் கட்டணமாம். என்னத்தை உடைத்தாள்? ஸ்லைடுமேல் மூடுகிற மெல்லிய கண்ணாடி, ஊதினால் உடைகிறது, அதில் நாலைந்து. இருபது பிள்ளைகளுக்கு ஒரே மைக்ராஸ்கோப், அதையும் சார் இருக்கும்போது மட்டும்தான் தொடலாம், உடைப்பதற்குக் கையில் எதையாவது கொடுத்தால்தானே. தனியார் லேபில் ஜெராக்ஸே போதும் என்று சேர்த்துக்கொண்டதால் ஓடிவிட்டது. இப்போது தாலுகா ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், மாதம் பதிமூவாயிரம், வருகிற வியாழக்கிழமை நேர்முகம், அசல் இல்லாமல் வராதே என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைச் சொல்லித்தான் நல்லதம்பியிடம் கெஞ்சினாள். அவர் உடனே குழைந்துபோனார். "அட, இதுக்கா பாப்பா அழுவறே? ஞாயித்துக்கிழம வந்து ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டுப் போ. பாக்கியைக் கிழிச்சுப் போட்டறலாம். கவரை உன்ற கையில குடுத்தறேன்." அழுதேனா நான்? அழவில்லை. குரல் கரகரத்தது, அவ்வளவுதான், லேபில் ஆசிட் வாடை. அந்த ஆள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அதுதான் இப்போது நெஞ்சில் நெருஞ்சியாக நின்றது. விட்டுவிட்டது.

தாளாளர் மருத்துவத் துறையில் கொட்டிக் கிடக்கும் வேலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டித்தான் கிடக்கிறது. அவள் வாங்குவது ஒன்பதாயிரத்து இருநூறு. காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால், சாயங்காலம் ஐந்துக்குக் கை கழுவுகிற வரைக்கும், ஒரு நாளைக்கு அறுபது எழுபது கை, ஊசி, பஞ்சு, பெயர், வயது, சாப்பிட்டீங்களா சாப்பிடலையா. ஒன்பதாயிரத்து இருநூறு. பஸ்ஸுக்கு ஆயிரத்து நூறு போனால் எட்டாயிரத்து நூறு. பேங்குக்கு மாசம் நாலாயிரத்து ஐம்பது. மிச்சம்? அதுவும் நாலாயிரத்து ஐம்பது. சம்பளம் கூடின மாசம் இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டோமென்று இன்னொரு தடவை போட்டாள். சரிபாதி. பேங்கும் அவளும் கூட்டு வியாபாரம் செய்கிறவர்கள் மாதிரி சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள், ஆறரை மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறவள் மட்டும் அவள் ஒருத்திதான். வாங்கினது ஒன்றரை லட்சம். படித்து முடித்து, வேலை தேடி, கட்டத் தொடங்குவதற்குள் வட்டி ஏறி ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். அறுபது தவணை, இருபத்திரண்டு முடிந்தது, முப்பத்தெட்டு இருக்கிறது. முப்பத்தெட்டு மாசம் என்றால் அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிடும். அப்புறம் கல்யாணக் கடன் தொடங்கும். சிவகாமி இருக்கிறாள், பிளஸ் டூவில் பக்கத்துப் பெஞ்சு, பயாலஜியில் தவளை என்று எழுதச் சொன்னால் தவலை என்று எழுதுகிறவள், ரிசல்ட் வந்த அடுத்த வாரமே பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள், இன்றைக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, பி.எப். வேறு. "நீ படிச்சவ மைனா, உனக்கென்ன" என்கிறாள். கிண்டலாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, மனசார அப்படியே நம்பிச் சொல்கிறாள். எனக்கென்ன, எனக்கென்ன. படிக்காமல் இருந்திருந்தால் ஐந்து வருஷத்தில் கையில் இவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் பஸ்ஸில் இறங்குகிற இடம்கூடத் தவறிப்போகிறது. அப்பா கையெழுத்துப் போட்டார், விசைத்தறிக்காரர், கையெழுத்தென்றால் அங்கமுத்து என்பதை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி. பேங்க் ஆபீசர் கேட்டார், படிச்சு முடிச்சா என்ன சம்பளம் வருங்க? அப்பா காலேஜ் நோட்டீசை எடுத்து நீட்டினார். அதிலேயும் இருபத்தைந்தாயிரம், அதிலேயும் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கவரில் என்ன வைத்திருந்தார்களோ. அந்தப் பெண்ணை எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருப்பாள்! பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறா பாரு, மானங்கெட்டவ. இப்போது அந்தப் பல் யாருடையது?

கை தட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை, அவளும் தட்டினாள். கோபத்தை அந்த வேலையின் மேலேயாவது காட்ட முடிந்தால் சுலபமாக இருக்கும், அதுதான் முடியவில்லை. வேலை பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது, இந்தச் சம்பளத்துக்கு ஒரு வேலை பிடிக்கலாமா? போன மழைக்காலத்தில் தறி ஓட்ட ஒடிசாவிலிருந்து வந்த ஒருவன், ஐந்து நாள் காய்ச்சல், பல் கிட்டித்துப்போய் பெஞ்சில் சுருண்டு கிடந்தான். மெஷின் எண்ணிக்கை மட்டும் சொன்னது, தட்டணுக்கள் குறைவு என்று. டெங்குவாக இருக்கும், எழுதி அனுப்பு என்றார் லேப் முதலாளி. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துச் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கழுத்து இற்றுப்போகிறது, ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல மோதிரம், ஓரத்தில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி. மலேரியா. அவளுக்கு உடம்பெல்லாம் குப்பென்று ஆனது, சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும், அந்த ஆளின் ரத்தத்துக்குள் ஒளிந்திருந்ததை அவள் ஒருத்தி பார்த்துவிட்டாள். அந்த நிமிஷத்தில் பேங்கு இல்லை, தவணை இல்லை. அவன் பிழைத்துக்கொண்டான். முதலாளி "நல்ல கண்ணு பாப்பா உனக்கு" என்று அந்த மாசத்திலிருந்து இருநூறு கூட்டினார். ஒன்பதாயிரம், ஒன்பதாயிரத்து இருநூறு ஆனது அப்படித்தான். ஒரு உயிர், இருநூறு ரூபாய். இதைப் பிடித்ததென்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா? ஆனால் இந்தப் படிப்பே ஏமாற்று என்று சொன்னால் அது பொய். படிப்பு பொய்யில்லை. விலைதான் பொய்.

அதுதான் பொறுக்கவில்லை, விலை. இரண்டாம் வருஷம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அதற்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரிப் பெண் ஒருத்தி, அதே டிப்ளமா, அதே இரண்டு வருஷம், அதே புத்தகம், அட்டைகூட அதே மாதிரி கிழிந்திருந்தது. உனக்கு பீஸ் எவ்வளவு என்று கேட்டாள் மைனாவதி. அவள் சொன்ன தொகையை மாசத்துக்கு என்று நினைத்துக்கொண்டு, மாசத்துக்கா என்று கேட்டாள். "வருசத்துக்குப்பா" என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக. வீட்டுக் கரண்டு பில்லைவிடக் கம்மி. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் தெரியவில்லை? ஏன் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை? ஸ்கூலில் சொல்லவில்லை, பேங்கில் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டீஸ் கொடுக்கிறவன் வீடு தேடி வந்தான், அரசாங்கம் வீடு தேடி வராது. இப்போதும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பஸ்ஸில் போனில் பார்த்தாள், கடைசித் தேதி புதன்கிழமை. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை இங்கே அட்மிஷன், இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஐயாயிரம் தள்ளுபடி. தேதியைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கவேண்டும், பக்கத்தில் மகள், பள்ளிக்கூட ரிப்பனைக்கூட இன்னும் விடாதவள். அந்த அம்மா நோட்டீசை வெற்றுத் தாள்மாதிரி பிடித்திருந்தாள், படிக்கத் தெரியாது போலிருக்கிறது, மைனாவதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் திறக்காத வாயை. சொல்லிவிடலாம். மைக்கில், புதன்கிழமை என்று ஒரே வார்த்தை. சொன்னால் கவர் பீரோவுக்குப் போய்விடும், வியாழக்கிழமை போய்விடும், பதிமூவாயிரம் போய்விடும், அப்புறம் முப்பத்தெட்டு மாசமும் இதே ஆறரை மணி, இதே சரிபாதி. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதானே பயங்கரம், ஒன்றும் ஆகாது. எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஏன் சொல்லவேண்டும்? எனக்கென்ன நேர்த்திக்கடனா? இங்கே இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து என் பதினெட்டாயிரத்தைக் கட்டுவார்களா?

"இப்ப நம்ம காலேஜோட முத்து, மைனாவதி பேசுவாங்க!"

கைதட்டல். எழுந்தாள், செருப்பு ஊக்கு துப்பட்டா நுனியில் மாட்டியது, பிடுங்கிக்கொண்டு நடந்தாள். மைக்குக்கு முன்னால் நல்லதம்பி எழுதிக்கொடுத்த தாள் ஏற்கனவே இருந்தது. வணக்கம் என்றாள். குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது, யாருடையதோ மாதிரி. சாதாரண நெசவாளர் குடும்பத்தில் பிறந்த நான். படித்தாள். இந்தக் கல்லூரி எனக்குத் தாய்வீடு. படித்தாள். அடுத்த வரி இருபத்தைந்தாயிரம். அந்த வரிக்கு முன்னால் நாக்கு ஒருதரம் நின்றது. நல்லதம்பி மடியிலிருந்த கவரை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினார், வேறொன்றுமில்லை, கால் மரத்திருக்கும். "இன்று மாதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் சம்பளம் பெறுகிறேன்." சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, இத்தனை சுலபமாக. கூட்டத்தில் ஒரு மூச்சு, ஆ என்று. அந்த மூன்றாம் வரிசை அம்மா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள், பாரு, பாரு என்று. மைனாவதி தாளை முடித்து, நன்றி சொல்லி, இறங்கி, கை நீட்டினாள். நல்லதம்பி சிரித்தார், "நல்லாப் பேசினே பாப்பா." கவர் கைக்கு வந்தது.

அதைப் பிடுங்குகிறவள்போல வாங்கிக்கொண்டு பக்கவாட்டு வராந்தாவுக்குப் போனாள். சுவர் பக்கம் திரும்பி நின்று பிரித்தாள். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், டிப்ளமா, நடத்தைச் சான்று. மாற்றுச் சான்றிதழ் எங்கே? மறுபடி எண்ணினாள், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இருந்தது. பெயரில் பிழை இல்லை. அப்பா பெயரில் பிழை இல்லை. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. மறுபடி ஒருதரம் எண்ணினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது, கூட்டம் முடிந்து பீஸ் கவுண்டரில் வரிசை நின்றிருந்தது. இப்போது சொல்லலாமே என்று அப்போதுதான் தோன்றியது. கவர் கையில் இருக்கிறது, இனி யார் என்ன செய்யமுடியும்? அந்த அம்மாவைத் தேடினாள். வரிசையில் இல்லை. படிக்கட்டுக்குக் கீழே மகளும் தாயும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ஓடினாள்.

"ஏனுங்க, பணம் கட்டீராதீங்க. கவர்மென்ட் காலேஜிலயே இந்தப் படிப்பு இருக்குதுங்க, புதன்கிழம வரைக்கும் எழுதிப் போடலாம்."

அந்த அம்மா டம்ளரை இறக்கினாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்துக் காட்டினாள். பத்தாயிரம். மை இன்னும் காயவில்லை.

"இப்பத்தான் கண்ணு கட்டிப்போட்டு வாறேன். கட்டலாமா வேண்டாமான்னு ரோசனையாத்தான் இருந்துது. நீ சொன்னதக் கேட்டொடனே மொத ஆளா ஓடிப்போயிக் கட்டிப்போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி. "என்ற தோட்ட அடகு வெச்ச பணம் கண்ணு. நாளைக்கு உன்னையாட்ட இவளும் நிக்கோணும்."

காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. பத்து நிமிஷம். பத்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு என் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது, எவனைப் பிடித்துத் திட்டுவது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாளே, இதோ, ஆள் கிடைத்துவிட்டது, அவளேதான். அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போய் ரசீதை உள்ளே தள்ளினாள்.

"இவங்க பணத்தத் திருப்பிக் குடுங்க."

உள்ளே இருந்தவள் ரசீதின் அடியைக் காட்டினாள், கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது. மைனாவதி இன்னொரு தடவை சொன்னாள், சத்தமாக. மூன்றாவது தடவை சொன்னபோது நல்லதம்பி வந்துவிட்டார். அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"என்ன பாப்பா இது? வாங்க வேண்டியத வாங்கிட்டயல்ல? நடையக் கட்டு."

"குடுங்க. இல்லாட்டி என்ற சம்பளம் எவ்வளவுன்னு இங்கயே சொல்லுவேன்."

அவர் வரிசையைப் பார்த்தார். பதினைந்து இருபது பேர், எல்லோர் கையிலும் பணம். பல்லுக்குள்ளேயே ஏதோ சொல்லிவிட்டு உள்ளே கையைக் காட்டினார். இருபது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் வெளியே வந்தன. ரசீதைக் கிழித்துப் போட்டார். "எடுத்துட்டு ரெண்டு பேரும் வாயத் தெறக்காமப் போயிருங்க" என்றார் காதுக்குப் பக்கத்தில், பாக்கு வாடையோடு. அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நோட்டுகளையும் மைனாவதியையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள்தான் புரிந்துகொண்டாள் போலிருந்தது, ரிப்பன் கட்டிய அந்தப் பெண், அம்மாவின் கையிலிருந்த பணத்தை வாங்கிச் சுருக்குப்பையில் திணித்து நாடாவை இறுக்கினாள்.

போயிருக்கலாம். ஒருத்தருக்குச் செய்தாகிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கலாம். கால் இரண்டடி வைத்தது. வரிசை அப்படியே நின்றிருந்தது, ஒரு ஆள் போன இடத்தை அடுத்த ஆள் நிரப்பி, நகர்ந்து, பணத்தை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டு. ஒருத்தருக்கு எதற்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் மரியாதையாக வழிவிட்டார்கள், இருபத்தைந்தாயிரம் சம்பளக்காரிக்கு. அந்த வழிவிட்டதுதான் அவளை நிறுத்தியது.

"ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க." குரல் கிறீச்சிட்டது. "மேடையில நான் சொன்னது பொய்யிங்க. என்ற சம்பளம் ஒம்பதாயிரத்து எரநூறு. அதுல நாலாயிரத்து அம்பது இந்தப் படிப்புக்கு வாங்குன கடனுக்குப் போகுது. இன்னும் முப்பத்தெட்டு மாசம் கட்டோணும். இதே படிப்பு கவர்மென்ட் காலேஜில கொறஞ்ச காசுக்கு இருக்குதுங்க, புதன்கிழம வரைக்கும் எழுதிப் போடலாம்."

நல்லதம்பி அவள் முழங்கையைப் பிடித்தார். உதறினாள். வரிசையின் நடுவிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர், மகனோடு வந்தவர், முகம் கன்றிப்போய் முன்னால் வந்தார்.

"வெளையாட்டா இருக்குதா உனக்கு? அரமணி நேரத்துக்கு மின்னாடி மைக்குல அப்பிடிச் சொன்னே, இப்ப இப்பிடிச் சொல்றே. அப்ப எதுக்கு அங்க அப்பிடிச் சொன்னே?"

அவர் கோபம் சரியான கோபம். அவளுக்கு அது பிடித்திருந்தது, அன்று காலையிலிருந்து அவள் கேட்ட முதல் நேர்மையான குரல் அதுதான். பழுப்புக் கவரைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குத்தானுங்க. என்ற சர்டிபிகேட்டு. மூணு வருசமா குடுக்கல. இப்பிடிப் பேசினாத்தான் குடுப்பேன்னாங்க."

அவர் கவரைப் பார்த்தார். நல்லதம்பியைப் பார்த்தார். நல்லதம்பி, "மூளை கொழம்பிப்போச்சு பாவம், நீங்க கட்டுங்க, நீங்க கட்டுங்க" என்று வரிசையை முன்னால் நகர்த்தினார். பலர் நகரவும் செய்தார்கள், வந்த காரியத்தைப் பார்க்கவேண்டுமே. கவுண்டரில் அடுத்த ரசீது கிழிபடும் சத்தம் கேட்டது. லுங்கிக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார், சட்டைப் பையிலிருந்த பணத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு.

"அந்தக் கவருமெண்டு காலேசுக்கு," என்றார், இன்னும் முறைப்பாகவே, "எங்க எழுதிப் போடோணும்?"